கடைசிக் காம்பராவில் மாதா

எனக்கு வாய் நீளம். எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறி, கோயிலடியில் இறங்கி, "பிள்ளை மடுவத்துல வேலை செய்ற அக்கா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, அந்த வாயாடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் பிள்ளைகளையெல்லாம் பகல் முழுக்க நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாய் இல்லாமல் அந்தக் கூட்டத்தை ஒரு மணி நேரம் மேய்த்துப் பாருங்கள், தெரியும்.

போன வருஷம் கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்று, பூசை முடிந்த கையோடு இந்த வாய் சும்மா இருக்காமல் திறந்தது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

எங்கள் கோயில் சின்னது. பதுளையிலிருந்து ஃபாதர் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது கோயில் தலைவர். அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, என் அப்பாதான். மணி அடிப்பது, பீடத்துக்குப் பூ வைப்பது, வாசகம் வாசிக்க ஆள் பிடிப்பது எல்லாம் அவர் கையில். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மலையில் பெண்களை விரட்டிய அதே குரலில்தான் அருள்நிறைந்த மரியேயும் சொல்வார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரங்களில் கோயிலில் இருக்கிற மாதா சுரூபம் கோயிலில் இருக்காது. லயம் லயமாக, வீடு வீடாகப் போகும். 'மாதா இறங்குறது' என்போம். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். பொழுது சாயும் நேரத்தில் தலைவர் மணியும் விளக்குமாக முன்னால் நடக்க, நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் போவோம். மாதா இருக்கிற வீட்டு வாசலில் தலைவர் நின்று, "தாயே, அடுத்த வீடு காத்திருக்கு, வாங்க" என்று கூப்பிடுவார். பிறகு உள்ளே போய், வீட்டுக்காரர் எடுத்துக் கொடுக்க, இரண்டு கையாலும் வாங்குவார். அடுத்த வீட்டில் வைத்து ஜெபமாலை சொல்லி, பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைவோம்.

தலைவர் வந்து கூப்பிடும்வரை அந்த வீட்டில் விளக்கு அணையக்கூடாது. கதவைப் பூட்டக்கூடாது. மாதாவை யாரும் நகர்த்தக்கூடாது. கூப்பிடாமல் எடுத்து வெளியே கொண்டுபோனால், வந்த தாயை வாசலைக் காட்டி அனுப்பின கணக்கு. எந்த ஃபாதரும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எங்கள் ஆட்களே உண்டாக்கிக்கொண்ட சட்டம். பத்துக் கட்டளைகளில் ஒன்றிரண்டை அப்படி இப்படி மீறினாலும் மீறுவார்கள், இதை மட்டும் மீற மாட்டார்கள்.

கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில் என் தங்கச்சி குடியிருந்தாள். லயம் என்றால் ஒரே கூரையில் வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. முன்னால் திண்ணை மாதிரி ஒரு சின்ன இஸ்தோப்பு, நடுவில் அறை, பின்னால் சமைக்கிற குசினி, அவ்வளவுதான் வீடு. அவள் புருஷன் இந்து. இதே தோட்டத்துப் பையன்தான், தங்கமான ஆள். பதுளையில் பதிவாளர் முன்னால் எழுத்துக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பேரும் வாசலில் வந்து நின்ற அன்று அப்பா கதவைச் சாத்தினார். கோயிலில் தாலி கட்டாதவள் என்று சொல்லி, பூசையில் அப்பமாகக் கொடுக்கிற நன்மையை வாங்கும் வரிசையிலும் அவளை நிற்க விடவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம். ஒரே தோட்டம், ஒரே பாதை, ஒரே கடை. அப்பா அவளைப் பார்த்தால் பார்வையை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வருஷா வருஷம் மாதா கீழ் லயத்துக்கும் இறங்குவாள். தங்கச்சி வீட்டுக்கு முந்தின வீடு வரைக்கும் வருவாள், அதோடு திரும்பிவிடுவாள். தங்கச்சி இஸ்தோப்பைக் கழுவி, மெழுகுதிரி ஏற்றி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். பாட்டுச் சத்தம் அவள் பக்கத்து வீட்டோடு நின்றுவிடும். மெழுகுதிரியை ஊதிவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு வயிறு எரியும்.

அந்த முதல் ஞாயிறு பூசைக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர், திருவருகைக் காலம் என்றால் ஊதா மெழுகுதிரி ஏற்றுவது மட்டும் இல்லை, வருகிறவருக்குக் கதவைத் திறந்து வைக்கிறதுதான் என்று பிரசங்கம் வைத்தார். ஒரு வாசலையும் தாண்டிப் போகாதீங்க என்றார். இறுதி ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கிற நேரம், நான் எழுந்து சத்தமாகவே கேட்டேன்.

"அப்ப இந்த வருஷம் கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவுக்கும் மாதா வருவாங்களா ஃபாதர்?"

ஃபாதர் அப்பாவைப் பார்த்தார். "ஏன் தலைவரே, அங்க போறதில்லையா?" என்றார். அப்பா, "அது வந்து ஃபாதர்..." என்று இழுத்தார். அவர் வாழ்க்கையில் இழுத்துப் பேசி நான் கேட்டதே அன்றுதான். ஃபாதர் தோளைத் தட்டி, "எல்லா வீட்டுக்கும் போகட்டும்" என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போய்விட்டார்.

தண்ணி பிடிக்கிற பீலியடியில் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "சபையில வச்சு எம் மானத்தை வாங்கிட்டியே, நீயெல்லாம் ஒரு மகளா?" என்றார். "மகளா இருக்கப் போய்த்தான் கேட்டேன். அவளும் மகதான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடும் பேச்சை நிறுத்தினார். சரிதான் போங்க என்று நானும் விட்டுவிட்டேன்.

தங்கச்சியின் முறை மூன்றாம் வாரத்தில் வந்தது. அவள் புருஷனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று வந்து, காம்பரா முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, மேசைக்கு வெள்ளைத் துணி வாங்கிக் கொடுத்துவிட்டு, லீவு இல்லாமல் திங்கள் காலையே திரும்பிப் போனான். "மாதாவை நல்லபடியா பார்த்துக்கங்க அண்ணி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாதாவுக்கு இடம் ஒதுக்கியிருந்தான். தங்கச்சிக்கு அப்போது ஏழாம் மாதம். மூத்தது பெண் பிள்ளை, நாலு வயது, மழை வந்தாலே மூச்சு இழுப்பு வந்துவிடும்.

அன்று மாலை மழையிலேயே மாதாவைக் கொண்டு போனோம். தங்கச்சி நல்ல சேலை உடுத்தி வாசலில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்பா மாதாவை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார். வாசலுக்கு முன்னால் மழைத் தண்ணி ஓடுகிற கானோரத்தில் நின்றார். அதற்கு மேல் கால் வைக்கவில்லை. திரும்பி, மாதாவை என் கையில் கொடுத்து, "நீ கொண்டு போய் வை" என்றார்.

ஜெபமாலை முழுவதையும் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றே சொல்லி முடித்தார். நாங்கள் உள்ளே முழங்காலில் இருந்தோம். அவர் பாதி சொல்ல, நாங்கள் மீதி சொல்ல, நடுவில் மழை. தங்கச்சி ஒரு மணியைக்கூட விடாமல் சொன்னாள். ஆனால் சிரிப்பு போய்விட்டது. எனக்கு வந்ததே கோபம்! மாதா முன்னால் இருந்த ஒரே காரணத்தால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு தங்கச்சி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அக்கா, நாளைக்கு அவரு வருவாருல்ல?"

"வராம? மாதாவை யாரு கூப்பிடுறது?"

"வைக்கிறதுக்கு யாரு கையில வேணும்னாலும் கொடுத்து அனுப்பலாம். கூப்பிட்டு வாங்குறது தலைவர் மட்டுந்தானே. உள்ள வந்து எங் கையால வாங்கித்தானே ஆகணும்?"

ஆமாம் என்றேன். அவள் டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்தாள்.

மறுநாள் விடிந்தும் மழை விடவில்லை. கொழுந்து மலைக்கு யாரும் போகவில்லை. பத்து மணி போல கீழ் லயத்துக்குப் பின்னால் குசினிப் பக்கம் நின்ற ஒருவர், மேலே தேயிலைச் சரிவில் வெடிப்பு கண்டிருக்கிறது என்று சொல்லி ஆட்களைக் கூட்டினார். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு ஆள் கையை முழங்கை வரை விடலாம், அவ்வளவு வாய் பிளந்திருந்தது. வழக்கமாகத் தண்ணி வராத இடத்தில், மண் நிறத்தில் தண்ணி ஊறி வழிந்தது. வெடிப்புக்குக் கீழே நேரே இருந்தன கடைசி நாலு காம்பராக்கள்.

மத்தியானத்துக்குள் கிராம சேவகர் ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கீழ் லயத்தில் ஒருத்தரும் இருக்கக்கூடாது, எல்லோரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று கத்தினார். பிறகு என்ன, ஒரே ஓட்டம். பாய், போர்வை, அரிசி, கோழி, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை. தாய்மார் சாமான் கட்டுகிற நேரம், நான் மடுவத்துப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்து, இரண்டு இரண்டு பேராகக் கை கோர்க்க வைத்து, மேல் பாதையால் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அவர்களைத் தாய்மாரிடம் ஒப்படைத்து முடிக்கவே நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் வகுப்பறை வகுப்பறையாகத் தங்கச்சியைத் தேடினேன். அவள் எங்கேயும் இல்லை.

அவள் பக்கத்து வீட்டுக்காரி பாய் விரித்துக்கொண்டிருந்தாள். "அவ வரலியே அக்கா. நாங்க கூப்பிட்டோம். மாதா வீட்ல இருக்காங்க, கூப்பிட வருவாங்க, நீங்க போங்கன்னுட்டா" என்றாள்.

கீழே ஓடினேன். படிக்கட்டே தெரியாத அளவு தண்ணி ஓடியது. லயத்தில் ஒரு சத்தம் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, கடைசிக் காம்பராவைத் தவிர.

உள்ளே சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. வெள்ளைத் துணி விரித்த மேசையில் மாதா, பக்கத்தில் விளக்கு. கீழே பாயில் பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. அதன் தலைமாட்டில் தங்கச்சி, கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அடியே, உனக்கு மூளை கலங்கிப் போச்சா? எந்திரிடி!"

"மாதாவை யாரும் கூப்பிட வரலக்கா."

"நான் எடுத்துக்கிட்டு வர்றேன். நீ பிள்ளையைத் தூக்கு."

"தொடாத." அவள் சத்தம் போடவில்லை, ஆனால் என் கை நின்றுவிட்டது. "இத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்திருக்காங்க. ஒரு நாள் வச்சிக்கத் தெரியல, மழை பெஞ்சதும் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்டான்னு சொல்லவா? அவருதான் சொல்வாரு. எல்லாருக்கும் முன்னால சொல்வாரு."

"மண்ணு இறங்கப் போகுதுடி! வயித்துல ஒன்னு, பாயில ஒன்னு!"

"அப்ப சீக்கிரம் வரச் சொல்லு."

ஓங்கி ஒரு அறை விடலாமா என்றுகூடத் தோன்றியது. பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தேன். அவள் பிள்ளையின் கையைப் பிடித்த பிடியைப் பார்த்தால் விடுகிற மாதிரி இல்லை. வாயால் இவ்வளவு சம்பாதித்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை உதவவில்லை. இவளுக்கு இந்த முறையை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்பது நெஞ்சைப் போட்டு அழுத்தியது. திரும்பி மேலே ஓடினேன்.

அப்பா பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பறையில் இருந்தார். மேசைகளை ஒதுக்கி, யார் யார் எங்கே படுப்பது என்று சத்தம் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த மாதிரி வேலைகள் கைவந்தவை. நான் நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"கீழ அவ வரமாட்டேங்கிறா. மாதாவை நீங்க வந்து கூப்பிடணுமாம்."

அவர் என்னைப் பார்க்காமல், "ஆபத்துக்குப் பாவமில்ல. எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

"சொல்லியாச்சு. அவ கேக்கல."

"அப்ப நான் என்ன செய்றது? அந்த வாசல்ல நான் ஏற மாட்டேன்னு தெரிஞ்சுதானே அவ பிடிவாதம் பிடிக்கிறா?"

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. கூட்டம் கேட்கிறதா, யார் என்ன நினைப்பார்கள், ஒன்றும் நினைக்கவில்லை.

"ஏற மாட்டீங்களா? சரி, ஏறாதீங்க. மண்ணு இறங்கினா நாளைக்கு மம்பட்டியோட போவீங்கல்ல, அவளைத் தோண்டி எடுக்க? அப்ப அந்த வாசலைத் தாண்டித்தானே ஆகணும்? அதை இன்னைக்கே தாண்டுங்க அப்பா!"

யாரோ ஒரு அம்மா "ஐயோ, வாயைக் கழுவுடி" என்றார். அப்பாவின் முகம் எப்படி ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கையில் பிடித்திருந்த பாயை அப்படியே கீழே விட்டார். ஆணியில் தொங்கிய பழைய கோட்டை எடுத்து மாட்டினார். பழக்கத்தில், கோயில் மணியையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு மூன்று ஆண்கள் கூட வரப் பார்த்தார்கள். கிராம சேவகர் வாசலில் கையை விரித்துத் தடுத்து, "ஒரு ஆளுக்காக எத்தனை பேரு இறங்குறது?" என்றார். அவர் மற்றவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கிவிட்டோம்.

அப்பாவுக்கு முட்டி வலி. ஆனாலும் எனக்கு முன்னால் இறங்கினார். தேயிலைச் சரிவில் கல்லொன்று உருண்டு வந்து கானில் விழுந்தது. இரண்டு பேரும் நின்று பார்த்தோம், பிறகு நடந்தோம். நான் மனசுக்குள் மாதாவைக் கும்பிட்டேன் என்று சொன்னால் பொய். 'தாயே, ஏன் இப்படிப் போட்டு எங்களை வதைக்கிறே' என்று திட்டிக்கொண்டுதான் போனேன்.

வாசலுக்கு வந்ததும் அப்பா கானோரத்தில் நின்றார். பையிலிருந்து மணியை எடுத்து அடித்தார். அந்த மழையில் அது யார் காதிலும் விழாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாயே, அடுத்த வீடு காத்திருக்கு, வாங்க" என்றார்.

உள்ளேயிருந்து, "உள்ள வாங்க தலைவரே" என்றாள் தங்கச்சி.

தலைவரே என்றாள். எனக்கே சுருக்கென்றது. அப்பா செருப்பைக் கழற்றினார். கழற்றின செருப்பை முற்றத்துத் தண்ணி அடித்துக்கொண்டு போனது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. தலையைக் குனிந்து, அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனார்.

தங்கச்சி சிரமப்பட்டு எழுந்தாள். மாதாவை எடுத்து முத்தம் கொடுத்து, அப்பாவின் இரண்டு கையிலும் கொடுத்தாள். அவர் வாங்கினார். முறைப்படி எல்லாம் நடந்தது. அப்பாடா என்று எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அப்பா வாசல் பக்கம் திரும்பினார், நான் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். பார்த்தால் தங்கச்சி மறுபடியும் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி உக்காந்துட்ட? நட!"

"மாதாவைக் கூப்பிட வந்தாங்க. கொடுத்துட்டேன். கொண்டு போகட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"என்னை யாருக்கா கூப்பிட்டா?"

குசினிச் சுவருக்கு அடியிலிருந்து மண் தண்ணி அறைக்குள் ஊர ஆரம்பித்திருந்தது. தகரத்தில் கூழாங்கற்கள் விழுகிற மாதிரி ஒரு சத்தம், நின்று, மறுபடியும். பிள்ளை எழுந்து அழத் தொடங்கியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. இவள் மாதாவுக்காகக் காத்திருக்கவில்லை. ஆறு வருஷமாக மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றதும் மாதாவுக்காக இல்லை.

அப்பா மாதாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகத்தானே வந்தேன்" என்றார்.

"எல்லாரும்னா?"

அவர் வாசலைப் பார்த்தார். நான் "அப்பா!" என்று கத்தினேன்.

அப்பா திரும்பி வந்தார். மாதாவைப் பழையபடி அந்த வெள்ளைத் துணி மேல் வைத்தார். பிறகு தங்கச்சிக்கு முன்னால், அந்த வலிக்கிற முட்டியை மடக்கிக் குந்தினார்.

"பாப்பா, வாம்மா. அப்பா உன்னைக் கூப்பிட வந்திருக்கேன். வா."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகம். நான் அவள் இடுப்பைச் சுற்றி ஒரு கையும் தோளில் ஒரு கையுமாகப் பிடித்தேன். ஏழு மாத வயிற்றோடு அந்தப் படியில் அவளை ஒரு கையால் பிடிக்க முடியாது. அப்பா கோட்டைத் திறந்து பிள்ளையை உள்ளே போட்டு இறுக்கினார். பிள்ளை இந்தத் தாத்தாவைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை, காலை உதைத்துக் கத்தியது. அவருக்கு இருந்த இரண்டு கையும் அதற்கே சரியாகப் போனது.

வாசலில் வைத்து, இவ்வளவு சண்டை பிடித்த நான்தான் கேட்டேன். "அப்பா, மாதா?"

"இருக்கட்டும்டி. நட."

எப்படி மேலே ஏறினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு இடத்தில் தங்கச்சி வழுக்கினாள், இரண்டு இடத்திலும் என் விரல் அவள் தோளில் பதிந்து மறுநாள் வரை தடமாக இருந்தது. அப்பா முன்னால் பிள்ளையோடு ஏறி ஏறி, நின்று நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை நான் பார்த்த அப்பா யாரையும் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். தங்கச்சிக்கு ஈரச் சேலையை மாற்றி, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்து, ஒரு பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். பிள்ளையின் நெஞ்சில் தைலம் தேய்த்தார்கள். அப்பா மட்டும் பிள்ளையை யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு சின்ன நாற்காலியில், மடியில் அதை வைத்துக்கொண்டு, முட்டி வரை சேறோடு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லொறி லொறியாகக் கல் கொட்டுகிற மாதிரி. தரை அதிர்ந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். மழையிலும் பனியிலும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பாதையில் நின்ற ஆட்கள், "கடைசி நாலு காம்பராவும் போயிருச்சு! மூடிருச்சு!" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். சிலர் முழங்காலில் விழுந்தார்கள். சிலர் மார்பில் அடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள்.

அன்று மாலை மாதா போக வேண்டிய வீட்டு அம்மாவுக்குத்தான் முதலில் நினைப்பு வந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"தலைவரே, மாதா எங்க? நீங்க மாதாவைக் கூப்பிடத்தானே போனீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா பிள்ளையின் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தார். கோயில் தலைவர் மாதாவைக் காம்பராவில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது ஒவ்வொருவராக விளங்க ஆரம்பித்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எம் மகளைக் கூட்டிக்கிட்டு வரப் போனேன்" என்றார். "கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

தங்கச்சி பெஞ்சில் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளையை இங்க கொடுங்க அப்பா. நீங்க அந்த நனைஞ்ச கோட்டைக் கழட்டுங்க."